ஐந்தாவது ஃபவுல்

விசில் ஊதிய பிறகும் பந்து கொஞ்ச நேரம் வளையத்தில் உருண்டுகொண்டிருந்தது.

உள்ளே விழவில்லை.

கூடைக்கு அடியில் மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி கீழே கிடந்தாள். அவளைத் தடுக்க எகிறியவர்கள் நீலச் சட்டையில் இரண்டு பேர். ஏழாம் எண். பன்னிரண்டாம் எண்.

ரெஃப்ரி மேசைப் பக்கம் திரும்பினார். பத்துக்கு அடையாளமாக ஒரு கையை மூடிக் காட்டினார். மறு கையில் இரண்டு விரல்.

பத்தும் இரண்டும். பன்னிரண்டு.

கேலரியில், மஞ்சள் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருந்த டிரைவர் மூச்சை விட்டார்.

அந்த மாணவர் கூட்டத்தை ஏற்றிவந்த காலேஜ் பஸ்ஸை ஓட்டுபவர் அவர். காக்கிச் சட்டைப் பையில் காலேஜின் பெயர் தைத்திருந்தது.

நீலச் சட்டை ஏழாம் எண், அவர் மகள்.

சுற்றியிருந்த ஒருவருக்கும் அது தெரியாது.

"பன்னெண்டா? யோவ் ரெஃப்ரி, கண்ணை வீட்ல வச்சுட்டு வந்தியா?"

"அடிச்சது ஏழுடா! ஏழுக்கு ஏற்கெனவே நாலு ஃபவுல். இது அஞ்சு. வெளிய போயாகணும்!"

"பன்னெண்டு கையவே நீட்டல. சும்மா குதிச்சு இறங்குச்சு" என்றாள் பார்கவி.

"நீ பாத்தியாக்கும்? அப்ப சமோசா தின்னுக்கிட்டிருந்த."

"வாய்லதான்டா சமோசா. கண்ணு கிரவுண்ட்லதான் இருந்துச்சு."

எதிர்க் கேலரியிலிருந்து நீலக் கூட்டம் பதில் கொடுத்தது. "சொன்னா சொன்னதுதான்! பொத்திக்கிட்டு ஃப்ரீ த்ரோவைப் போடுங்க!"

ஒன்பது விநாடி பாக்கி.

நீலம் ஒரு பாயிண்ட் முன்னால். மஞ்சளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒன்றுக்கு ஒரு பாயிண்ட். இரண்டும் விழுந்தால் கதை மாறிவிடும். அதன் பிறகு, மிச்ச விநாடிகளில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிக் கூடையில் போட நீலத்தில் ஒருத்திதான் இருக்கிறாள்.

ஏழு.

ஜோயல் செல்போனில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். ஐந்தாறு தலைகள் முட்டிக்கொண்டன. திரையில் நீலமாக ஒரு கலங்கல். நான்கு கைகள். எது யாருடையது என்று தெரியவில்லை.

"டிரைவர் அண்ணே, நீங்க கீழ வரிசைல இருக்கீங்க. நீங்க சொல்லுங்க. ஏழுதான?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் பார்த்திருந்தார்.

மகள் எகிறும்போது இடது கைதான் முதலில் போகும். சோறு பிசையும் வயதிலிருந்து அவருக்குத் தெரிந்த கை. அது மஞ்சள் சட்டைக்காரியின் மணிக்கட்டில் விழுந்த சத்தம்கூட அவருக்குக் கேட்டிருந்தது.

"சரியாத் தெரியலப்பா" என்றார்.

பிள்ளைகள் அடுத்த ஆளிடம் கேட்கப் போய்விட்டார்கள்.



களத்தில் பன்னிரண்டாம் எண் விழித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சைத் தொட்டு, நானா என்று கேட்டாள். ரெஃப்ரி கவனிக்கவில்லை. நீல அணியின் கோச் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். திறந்தவர் குடிக்கவில்லை.

மேசையில் இருந்தவர் பேனாவை எடுத்தார்.

எழுதிடு, என்றது டிரைவரின் மனசு. சீக்கிரம் எழுதிடு.

ஏழாம் எண் கையைத் தூக்கினாள்.

இடது கை. முழங்கை மடங்காமல், நேராக.

ரெஃப்ரியின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. தூக்கிய கையை இறக்காமல் மேசை வரைக்கும் நடந்தாள்.



ரெஃப்ரி குனிந்து ஏதோ கேட்டார். தலையசைத்தாள். ரெஃப்ரி மறுபடி கேட்டார். மறுபடி தலையசைத்தாள்.

மூடிய கையை ரெஃப்ரி விரித்தார்.

ஐந்தும் இரண்டும்.

மேசையில் சிவப்பு அட்டை ஏறியது. ஐந்தாவது ஃபவுல்.

மஞ்சள் கூட்டம் வெடித்தது. விசில். தகர டப்பா. பெஞ்சு மேல் ஏறி ஆட்டம்.

"லூசாடா அது? தானா வந்து மாட்டிக்குது!"

"நானா இருந்தா தூக்கியிருக்க மாட்டேன்" என்றாள் பார்கவி. சத்தமாகச் சொல்லவில்லை.

ஏழாம் எண் வெளியே போனாள். போகிற வழியில் பன்னிரண்டின் தலையில் ஒரு தட்டு தட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக உள்ளே இருப்பவர்களைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தாள். யார் எங்கே நிற்க வேண்டும் என்று.

டிரைவர் எழுந்தார்.

"பாத்தீங்களாண்ணே? நாங்க அப்பவே சொன்னோம்ல!" ஜோயல் அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

"எனக்கும் தெரியும்பா" என்றார். "பாத்துட்டுத்தான் தெரியலன்னேன்."

ஜோயலின் கை தோளிலேயே நின்றது. "ஏண்ணே?"

அவர் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார். கலைந்திருந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினார். களத்தின் கோட்டுக்கு வெளியே, கூடைக் கம்பத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, ஆயிரம் பேர் பார்க்க எதிர்ப்பக்கம் நடந்தார்.

முதல் ஃப்ரீ த்ரோவுக்கு எழுந்த கூச்சல் முதுகில் வந்து மோதியது. விழுந்ததா, தவறியதா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணே! அது அவங்க சைடு!"

நடை இன்னும் வேகமானது.