ஒண்ணுமில்ல

மனைவி ‘ஒண்ணுமில்ல’ என்றால் உள்ளே என்னவெல்லாம் இருக்கிறது என்று கணவனுக்கு எடுத்துச் சொல்வதுதான் உளப்பகுப்பாய்வாளனான என் பிழைப்பு. அதையும் இப்போது காதில் மாட்டும் ஒரு கருவி செய்கிறது. எதிரில் இருப்பவர் சொல்லாமல் விழுங்கியதை அப்படியே சொல்லிவிடும். தம்பதிகள் சமாதானமாகிவிட்டார்கள், நான் ஈ ஓட்டுகிறேன்.

எதிரியை வேவு பார்க்க நானும் ஒன்றை மாட்டிக்கொண்டு, துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி சிந்துஜாவிடம் போனேன்.

“ஏன் ஒரு மாதிரி இருக்கே?”

“ஒண்ணுமில்லங்க.”

கருவி வெகுநேரம் தேடியது. “உண்மையிலேயே ஒன்றுமில்லை” என்றது.

அப்பாடா என்று சோபாவில் சாய்ந்தேன். அப்புறம்தான், வருகிறவர்களிடமெல்லாம் நான் அடித்துவிடும் வசனம் நினைவுக்கு வந்தது: ‘சண்டை இருக்கறவரைக்கும் கவலைப்படாதீங்க. உள்ள ஒண்ணுமே இல்லேன்னாதான் ஆபத்து.’

எழுந்து ஓடினேன். “சிந்து, என்னைக் கொஞ்சம் திட்டேன்!”

“எதுக்குங்க?” என்றாள், மரியாதையாக.