ஒரு நூல் மேலே

கபடி ஆடுகிறவர்களின் டவுசர் நீளத்தைப் பார்வையாளர்களின் ஓட்டுதான் முடிவு செய்யும். ஓட்டு விழ விழ, துணி தானாக ஏறும், இறங்கும். இளவேனிலுக்கு எப்போதும் ஏற்றச் சொல்லித்தான் ஓட்டு குவியும். இன்று எதிரணியின் ஊரில் ஆட்டம். தங்கள் அணி ஜெயிக்க, உள்ளூர்க்காரர்கள் அவள் டவுசரை முழங்காலுக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். பாடிப் போனவளுக்கு எட்டி உதைக்கக் கால் வரவில்லை; பிடிபட்டாள்.

அடுத்த முறை கிளம்பும்போது துணி ஒரு நூல் மேலே ஏறியது. ஓட்டுப் போட்டவரின் ஊரும் பெயரும் பலகையில் மின்னின.

"யாருடி அது, தேவாரம் தவசி?" என்றாள் தோழி.

"தொடை தெரிய ஆடுறவ எம் மகளே இல்ல" என்று முன்பு ஒருநாள் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து இளவேனிலிடம் பேசாமலே இருக்கும் மனுஷன்.

"எங்கப்பா" என்றவள், தொடையை ஓங்கித் தட்டிவிட்டுப் பாடிப் போனாள்.