வராத எண்

மறுபடி அழுத்தினாள்.

மேசைமேல் கிடந்த கைப்பேசியில் ஸ்பீக்கர் போட்டிருந்தது. எங்கோ வடக்கே ஓடும் போர்வெல் லாரியின் இரைச்சல். அதற்குள்ளிருந்து குழந்தைவேலின் குரல்.

“வரலீங்க டீச்சர்.”

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறை. திரையில் அவர் மகள் பவதாரணியின் நர்சிங் விண்ணப்பம். எல்லாம் நிரப்பியாயிற்று. ஒரே ஒரு கட்டம்தான் காலி.

அப்பாவின் கைப்பேசிக்கு ஓர் எண் வரும். அதைப் போட்டால்தான் விண்ணப்பம் போகும். மாலையோடு இணையதளத்தை மூடிவிடுவார்கள்.

விலங்கியல் டீச்சர் அவள். பிள்ளைகளைக் கல்லூரிக்கு வழிகாட்டி அனுப்பும் பொறுப்பும் வருடாவருடம் அவளுக்குத்தான். வெளியே வராந்தாவில் இன்னும் பலர் காத்திருந்தார்கள்.

“இன்னொருக்கா அனுப்பறேங்கண்ணா. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

அழுத்தினாள்.

இரைச்சலுக்கு நடுவே ‘டிங்’ என்றது. தெளிவாகவே கேட்டது.

“வரலீங்க.”

பக்கத்தில் நின்ற பவதாரணிக்கும் கேட்டிருந்தது. துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றினாள்.

“அங்க டவர் கெடைக்காதுங்க டீச்சர்.”

அவள் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் கைப்பேசியின் பக்கம் குனிந்தாள்.

“புள்ள நல்ல மார்க்குங்கண்ணா. கெவுருமெண்டு காலேஜே கெடைச்சுரும். அந்த நம்பர மட்டும் சொல்லுங்க.”

இரைச்சல் தேய்ந்தது. லாரியை விட்டு விலகி நடக்கிறார் போலும்.

“பெரியவளுக்கும் நீங்கதானுங்க டீச்சர் அப்ளிகேசன் போட்டுக் குடுத்தீங்க.”

அவள் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தாள்.

“படிக்கப் போனவ எவங்கூடவோ போயிட்டா. அவ அம்மா இன்னும் சரியாச் சோறு திங்கறதில்ல. அவ எங்க இருக்கறான்னு உங்களுக்குத் தெரியும்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்க.”

லாரியின் இரைச்சல் இப்போது கேட்கவே இல்லை.

“அத நீங்க சொல்லுங்க. இத நான் சொல்றேன்.”

குரலில் கோபமே இல்லை. கெஞ்சினார். நம்பிவிடலாம் போலிருந்தது.

பெரியவள் போன மாதம் படம் அனுப்பியிருந்தாள். பெண் குழந்தை. குப்புற விழுந்து தலையைத் தூக்கிச் சிரிக்கிறது. யாருக்கும் காட்ட முடியாத படம்.

ஓடிப்போன புதிதில் மாமன்மார்கள் கார் எடுத்துக்கொண்டு தேடினார்கள். குழந்தைவேலும் அதே காரில்தான் இருந்தார். பெரியவள் கிடைக்கவில்லை. கூட்டிப்போன பையனின் அண்ணன் கிடைத்தான். இன்றைக்கும் அவன் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதில்லை.

திரையில் அந்தக் கட்டம் காலியாகவே நின்றது. பவதாரணியின் மூச்சு தோளருகே சூடாகப் பட்டது.

ஓர் ஊரின் பெயர். அவ்வளவுதான் கேட்கிறார்.

கைப்பேசியை அருகே இழுத்தாள்.

“எனக்குத் தெரியாதுங்கண்ணா.”



“அப்ப எனக்கும் வரலீங்க.”

அவள் கை நகரவில்லை. பவதாரணிதான் எட்டி இணைப்பைத் துண்டித்தாள்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ பெருக்கும் சத்தம். அந்தப் பெண் அழுவாள் என்று நினைத்தாள். திட்டினாலும் தேவலாம் என்றிருந்தது.

பவதாரணி வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். காதோரம் கேட்டாள்.

“அக்கா நல்லாருக்குதுங்களா டீச்சர்?”

அவள் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பவதாரணி நிமிர்ந்தாள். முகத்தைத் துப்பட்டாவால் ஒருமுறை அழுந்தத் துடைத்தாள். அடுத்து வருபவருக்காக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“வெளிய நிக்கிற புள்ளையக் கூப்புடட்டுங்களா?”