கண்ணாடியில் ஒரு கோடு

"ஹேக்கர்ல பல ரகம் உண்டு. காசுக்கு நுழையறவன், கெத்துக்கு நுழையறவன், ஓட்டைய அடைக்க நுழையறவன். நீ எந்த ரகம்மா?" என்று கம்ப்யூட்டர் சென்டர் வாத்தியார் ஒருமுறை பொற்கொடியிடம் கேட்டார். எட்டாவதோடு பள்ளியை விட்டவள் தலை குனிந்துகொண்டாள்.

இப்போது செல்போன் கடையில் வேலை. முதலாளி கதிரேசன் ஒரு போனை மேசையில் போட்டான். "தங்கச்சியோடது. லாக்கை எடு. யார்கூடப் பேசுறான்னு பாக்கணும்." அவன் முதுகுக்குப் பின்னால் தங்கை மல்லிகா உதட்டைக் கடித்தபடி நின்றாள்.

பொற்கொடி போனை விளக்குக்கு நேரே சாய்த்தாள். தினமும் விரல் இழுத்த வழி கண்ணாடியில் பிசுபிசுப்பாக மின்னியது. பூட்டைத் திறக்கும் கோடு தெரிந்துவிட்டது.

"என்ன முழிக்கிற? எட்டாங்கிளாஸுக்கு இதெல்லாம் வராதோ?"

"வரும்ணே. ஒரு நிமிஷம் போதும்."

கண்ணாடியில் ஊதி, துப்பட்டா நுனியால் அந்தக் கோடு மறையும்வரை அழுத்தித் துடைத்தாள். முதல்முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஆனா திறக்க மாட்டேன். இது அவங்க போனு."

"நாளைக்கு இந்தக் கடையில நீ இருக்க மாட்ட!"

"சரிண்ணே" என்றவள், அவனைத் தாண்டிக் கையை நீட்டிப் போனை மல்லிகாவிடம் கொடுத்தாள். மல்லிகா அங்கேயே நின்று பழைய பூட்டை மாற்றிப் புதிதாக ஒன்றை வரைந்தாள். பிறகு அண்ணன் முகத்தைப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள்.