பழைய ஆட்டோவின் பின்சீட்டு

தெருமுனையில் பல வருடமாக ஓடாமல் நின்ற ஆட்டோவின் பின்சீட்டுதான் கறுப்பு நாய்க்கு மழைக்கால வீடு. அந்த ஐப்பசியில் வந்து பார்த்தால் உள்ளே ஒரு பூனை குடியேறியிருந்தது. நாய் நேராக வார்டு சபைக்குப் போய் மனுக் கொடுத்தது.

குப்பைத்தொட்டிப் பங்கீடு, நிறுத்திய கார்களின் நிழல் யாருக்கு என்ற தகராறு எல்லாம் முடிந்து, நான்காவது கூட்டத்தில்தான் இந்த மனு வந்தது.

"இடம் நாயுடையது," என்றது தலைவர் காகம். "பூனைக் குடும்பம் காலி செய்ய வேண்டும். உத்தரவை எல்லோர் முகத்துக்கு நேராகவும் படித்துவிட்டு வா."

நாய் ஆட்டோவுக்குள் தலையை நீட்டியது. பூனையின் வயிற்றோடு ஒட்டி நான்கு குட்டிகள் கிடந்தன.

"படிங்கண்ணே," என்றது பூனை. "ஒவ்வொண்ணா தூக்கிட்டுப் போயிடறேன்."

நாய் சபைக்குத் திரும்பியது.

"படிச்சாச்சா?"

"இல்ல தலைவரே. நாலு பேர் இன்னும் கண்ணே திறக்கல. முகத்துக்கு நேரா எப்படிப் படிக்கிறது?"

"எப்பத் திறப்பாங்களாம்?"

"பத்து நாளாவது ஆகும். மேலயும் ஆகலாம்."

காகம் இருண்டுவந்த வானத்தைப் பார்த்தது. "சரி, ஒத்திவைக்கிறேன்," என்றது.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. கூட்டுக்குத் திரும்பிய காகம் ஆட்டோவைக் கடந்தபோது, சாரல் உள்ளே போகாமல் திறந்த பக்கத்தை அடைத்தபடி நாய் படுத்திருந்தது. அதன் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"ஏன்யா, உனக்கென்ன தலையெழுத்து?" என்றது காகம்.

"என் இடம்னு நீங்கதானே தீர்ப்புச் சொன்னீங்க," என்றது நாய். "அப்ப நான்தானே பாத்துக்கணும்."