ஆயிரத்து நாற்பது மணி நேரம் பாடிய முள்

“இந்த முள்ளு எத்தினி மணி நேரம் ஓடிக்கீது சார்?”

பரந்தாமன் அதற்காகவே காத்திருந்தவர்போல நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். இசைத்தட்டின் ஒவ்வொரு பக்கமும் பாடி முடிந்ததும் நேரத்தைக் குறித்துவைப்பது அவர் வழக்கம்.

“ஆயிரத்து நாற்பது.”

“அப்போ தூக்கிப் போட்டுடுங்க. ஆயிரந்தான் அதோட ஆயுசு.”

ரெக்கார்டு பிளேயர் பழுது பார்க்க அம்பத்தூரில் எல்லோரும் கைகாட்டியது கஸ்தூரியைத்தான். அறுபதை நெருங்குபவள். ஒரு பக்க ஸ்பீக்கர் பாடவில்லையென்று அழைத்திருந்தார். அறுந்திருந்த மயிரிழைக் கம்பியை மூக்குக் கண்ணாடிகூட இல்லாமல் பற்றவைத்துவிட்டாள். வேலை சுத்தம். ஆனால், உள்ளே வருமுன் வாசலில் நின்று அவர் பெயர்ப்பலகையை இரண்டு முறை படித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. இந்தப் பேச்சும் பிடிக்கவில்லை.

“நல்லாத்தானேம்மா பாடுது?”

“பாடும் சார். கணக்கு தாண்டிடுச்சே.”

“எவனோ எங்கேயோ உட்கார்ந்து ஆயிரம்னு எழுதிட்டா ஆச்சா? தினம் பிரஷ்ஷால துடைச்சுத் துடைச்சு வெச்சிருக்கேன். தேய்ஞ்சிருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பாருங்க. அப்புறம் பேசுங்க.”

“ஒண்ணைப் பார்த்தா ஒவ்வொண்ணையும் பார்க்கணும் சார். ரூலுன்னா ரூலுதான்.”

பரந்தாமனுக்குச் சுருக்கென்றது.

“பார்க்காமலே கழிச்சுக் கட்டறது என்ன நியாயம்? இந்த முள்ளை நான் மாத்தப்போறதில்ல. போய்ட்டு வாங்க.”

கஸ்தூரி கிளம்பவில்லை. ஸ்குரூ டிரைவரைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

“மீட்டர் கம்பெனில பத்தொம்பது வருஷம் முள்ளு கோத்தேன் சார். ஐம்பத்தஞ்சு தாண்டினவங்க வேணாம்னு லிஸ்ட்டு வந்துச்சு. ‘ஒரே ஒரு நாள் என் வேலையைப் பாருங்க, அப்பால அனுப்புங்க’ன்னு ஆபீஸ்ல நின்னு கேட்டேன். இப்போ உங்களுக்குச் சொன்னேனே, ஒண்ணைப் பார்த்தா ஒவ்வொண்ணையும் பார்க்கணும்னு, அது என் பேச்சு இல்ல. அன்னைக்கு நீங்க எனக்குச் சொன்னது.”

பரந்தாமன் நோட்டுப் புத்தகத்தை மெல்ல மூடினார். அந்தப் பட்டியலில் கையெழுத்திட்டது நினைவிருந்தது. முகங்கள்தாம் ஒன்றுகூட நினைவில்லை.

“உக்காருங்க சார்” என்று சொல்லிப் பையிலிருந்து லென்ஸை எடுத்தாள் கஸ்தூரி. “நான் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்.”