முன்னால் நிற்கும் புள்ளி

பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் மகளின் பெயரைத் திருமகள் என்று தட்டியதும், கணினியின் எடிட்டர் தானாகவே முன்னால் ஒரு புள்ளியை வைத்து, அப்பாவின் இனிஷியலுக்காகக் காத்திருந்தது. செந்தாமரை தன் பெயரின் 'செ'யைப் போட்டாள். எடிட்டர் அதை அழித்தது. அவள் புள்ளியை அழித்தாள். அது மறுபடி முளைத்தது.

"அப்பா எழுத்தப் போடுங்கம்மா. இல்லேன்னா சீட் கிடையாது," என்றார் கிளார்க்.

செந்தாமரை கட்டுப் போட்ட வலது கையை மேசைமேல் வைத்தாள். "இத உடைச்சவன் எழுத்தையா சார்?"

அவர் மேசைமேலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

அவள் இடது கையால் மகளின் பெயருக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். திரு. மகள். முன்னால் நின்ற புள்ளி மறைந்தது. படிவம் பச்சையாகி ஏற்றுக்கொண்டது.

கிளார்க் திரையை எட்டிப் பார்த்தார். "யாரும்மா இந்தத் திரு?"

"எம் பொண்ணுதான் சார். இனிமே மரியாதையாக் கூப்பிடுங்க."